கோபம் படிப்பின் மேலா, பல்கலைக்கழகத்தின் மேலா?

வணக்கம். திருச்சியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் முனைவர் பட்டத்துக்காக அமெரிக்கா போகிறாராம். கேள்வியை அப்படியே வாசிக்கிறேன்: "அங்கே ஒரு கட்சிக்காரர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் மேல் நம்பிக்கையே போய்விட்டது என்கிறார்கள். டிரம்ப் வந்ததால் வந்த வினையா இது? நிலத்தை விற்றாவது பிள்ளையைப் படிக்கவைக்கிற ஊர்க்காரி நான். படிப்பை வெறுக்கும் கட்சி என்று ஒன்று இருக்க முடியுமா?"

இருக்க முடியாது அம்மா. ஆனால் நீங்கள் கேள்விப்பட்டதும் பொய்யில்லை. 2015இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் உயர்கல்வி மேல் எவ்வளவு நம்பிக்கை என்று அமெரிக்கர்களைக் கேட்டது. ஜனநாயகக் கட்சியினரில் 68 சதவீதம் பேரும், டிரம்பின் கட்சியான குடியரசுக் கட்சியினரில் 56 சதவீதம் பேரும் நிறைய நம்பிக்கை என்றார்கள். இடைவெளி இருந்தது, ஆனால் தாண்டிவிடக்கூடிய வாய்க்கால்தான். 2023இல் அதே கேள்விக்கு ஜனநாயகக் கட்சியினர் 59, குடியரசுக் கட்சியினர் 19. எட்டே ஆண்டுகளில் வாய்க்கால் காவிரியாகிவிட்டது.

டிரம்ப் காரணமா என்று கேட்டீர்கள். அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் தீயை மூட்டியவர் என்பதைவிடக் குளிர்காய்ந்தவர் என்றால் பொருந்தும். 1966இல் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோதே, அங்குள்ள பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் போராட்டங்களைத் திட்டித்தான் ஓட்டுக் கேட்டார். பழைய புகைச்சல் அது. 2015 நவம்பரில் மிசூரி பல்கலைக்கழகத்தில் இனப்பாகுபாட்டை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. கால்பந்து வீரர்கள் விளையாட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட, பல்கலைக்கழகத் தலைவர் டிம் வுல்ஃப் பதவி விலகினார். அப்போது டிரம்ப் பல வேட்பாளர்களில் ஒருவர், அவ்வளவுதான். அதன்பின் ஒவ்வொரு வளாகச் சண்டையும் தொலைக்காட்சிக்குத் தீனியானது. கல்லூரிகளால் நாட்டுக்குக் கெடுதல் என்று சொன்ன குடியரசுக் கட்சியினர் 2015இல் 37 சதவீதம், 2017இல் 58 சதவீதம் என்கிறது பியூ ஆய்வு மையம். இரண்டே ஆண்டுகளில் இப்படி ஓர் ஏற்றம்! வகுப்பறைகள் அதற்குள் தலைகீழாக மாறியிருக்க வாய்ப்பில்லை. மாறியது, வகுப்பறையை மக்கள் எட்டிப்பார்த்த ஜன்னல்.

நான் அங்கே இருந்த காலத்தில், மத்திய மேற்குப் பகுதியின் ஒரு சிறிய ஊரில் எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவரைச் சொல்ல வேண்டும். குழாய் வேலை செய்பவர். தவறாமல் குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போடுவார். அவர் வண்டியின் பின்புறத்தில் மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் கொடி பறக்கும். சனிக்கிழமை ஆட்டம் என்றால் காலையிலேயே அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் இறைச்சி சுட ஆரம்பித்துவிடுவார். ஆனால் பேராசிரியர்கள் என்று பேச்செடுத்தால் போதும், முகம் சுண்டிவிடும். "என் மகளுக்கு எதைப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்கட்டும், எதை நினைப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம்" என்பார். மகளின் கட்டணத்தை மட்டும் நாள் தவறாமல் கட்டுவார்.

நம் ஊரில் கோயில் நிர்வாகத்தின் மேல் கோபம் வந்தால் சாமி கும்பிடுவதையா நிறுத்துகிறோம்? உண்டியலில் காசைப் போட்டுவிட்டு, வெளியே வந்து தர்மகர்த்தாவைத் திட்டுகிறோம். அவர் செய்தது ஏறக்குறைய அதுதான்.

பெரும்பாலும் பேசப்படாத ஒரு விவரமும் உண்டு. உயர்கல்வி தவறான திசையில் போகிறது என்று 2018இல் பியூவிடம் சொன்னவர்கள், குடியரசுக் கட்சியினரில் 73 சதவீதம், ஜனநாயகக் கட்சியினரில் 52 சதவீதம். ஆம், அந்தப் பக்கத்திலும் பாதிப்பேர்! காரணம் கேட்டபோதுதான் வழி பிரிந்தது. ஆசிரியர்கள் தங்கள் அரசியலை வகுப்புக்குள் கொண்டுவருவது பெரிய காரணம் என்று, அதிருப்தியுள்ள குடியரசுக் கட்சியினரில் 79 சதவீதம் பேர் சொன்னார்கள். ஜனநாயகக் கட்சியினரில் 17 சதவீதம்தான். கட்டணம் பெரிய காரணம் என்றவர்கள் முறையே 77, 92 சதவீதம். பணத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு கட்சியும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மத்திய அரசின் மாணவர் கடன் மட்டுமே சுமார் 1.6 லட்சம் கோடி டாலர் என்றால் உட்காராமல் என்ன செய்வது? 2024 கேலப் கணக்கில் ஈராண்டுக் கல்லூரிகள் மேல் நம்பிக்கை 49 சதவீதம், நான்காண்டுக் கல்லூரிகள் மேல் 33 சதவீதம். செலவு குறைவு, கைத்தொழில் கிடைக்கிறது, வீட்டுக்கும் பக்கம்.

வேடிக்கை என்னவென்றால், 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மொரில் சட்டம்தான், மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, விற்ற பணத்தில் விவசாயமும் பொறியியலும் கற்பிக்கக் கல்லூரி தொடங்கச் சொன்னது. பர்டியூ, டெக்சஸ் ஏ அண்ட் எம் என்று நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் பெயர்கள் அப்படி வந்தவை. லிங்கன் எந்தக் கட்சி? குடியரசுக் கட்சி. 1990களின் நடுவில்கூடக் கல்லூரி முடித்தவர்களில் அந்தக் கட்சிப்பக்கம் சாய்ந்தவர்கள்தான் அதிகம். இன்று தலைகீழ். 25 வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஆறு பேரிடம் பட்டம் இல்லாத நாட்டில், பட்டம் வாங்கியவர்கள் ஒரு கட்சியில் போய்ச் சேர்ந்தால், பட்டம் கொடுக்கும் இடம் அந்தக் கட்சியின் அலுவலகம்போல மற்றவர்களுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. என் கணிப்பில் வேர் இதுதான். தலைவர்களை விட்டுவிடுங்கள். 2021இல் பல்கலைக்கழகங்களை எதிரி என்று மேடையில் பேசிய, பின்னர் டிரம்பின் துணை அதிபரான ஜே.டி. வான்ஸ், யேல் சட்டக் கல்லூரியில் படித்தவர்.

பல்கலைக்கழகங்கள் மேல் தவறே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பல துறைகளில் குடியரசுக் கட்சிக்காரப் பேராசிரியர் ஒருவரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டினால் சிரித்து ஒதுக்குவது பதிலாகாது. 2025 கேலப் கணக்கில் மொத்த நம்பிக்கை 42 சதவீதமாகச் சற்று ஏறியிருக்கிறது. குடியரசுக் கட்சியினரும் 26க்கு வந்திருக்கிறார்கள். ஓர் ஆண்டு ஏற்றத்தை வைத்து நான் ஆரூடம் சொல்லப்போவதில்லை.

சரி, உங்கள் மகன். தெருவில் யாரும் அவரைக் கட்சி கேட்டு வம்புக்கு இழுக்கப் போவதில்லை. கவலைப்பட வேண்டியது பணம் வரும் வழியைப் பற்றி. 2025இல் அரசு கொலம்பியா, ஹார்வர்ட் உள்ளிட்ட இடங்களின் ஆராய்ச்சி நிதியைப் பிடித்துவைத்தது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க ஹார்வர்டுக்கு இருந்த அனுமதியையே ரத்து செய்யப் பார்த்தது, நீதிமன்றம் தடுத்தது. ஆய்வு மாணவரின் மாதச் சம்பளம் பல நேரங்களில் அந்த மத்திய அரசு நிதியிலிருந்துதான் வருகிறது. ஆகவே கிளம்புமுன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்: என் உதவித்தொகை எந்த நிதியிலிருந்து வருகிறது, எந்த ஆண்டு வரை உறுதி, அது நின்றால் துறை ஏற்குமா? கேட்பதில் கூச்சம் வேண்டாம், அங்கே இது சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்விதான். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்து, மதுரையிலிருந்து ஒருவர் கல்விக்கடன் வட்டி பற்றிக் கேட்டிருக்கிறார்.