லேப்டாப்புக்கு பவர் பேங்க்: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

[திரையில்: இரண்டு பவர் பேங்க், பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் 20000 எம்ஏஎச்]

வணக்கம். இந்த இரண்டு பவர் பேங்கிலும் கொள்ளளவு 20000 எம்ஏஎச் என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்று 1,500 ரூபாய் பக்கம் கிடைக்கும், இன்னொன்று அதைவிட இரண்டு மடங்கு. ஃபோனுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு முதல் ஒன்றை வாங்கலாம். ஆனால் அதை லேப்டாப்பில் செருகினால் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது, இல்லையென்றால் ‘ஸ்லோ சார்ஜர்’ என்று ஒரு எச்சரிக்கை வந்துவிட்டு, சார்ஜ் ஏறுகிற மாதிரி காட்டிக்கொண்டே சதவீதம் இறங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வித்தியாசம் பெட்டியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. பின்பக்கத்தில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க வேண்டிய பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பொடி எழுத்தில் எதைத் தேடுவது என்று தெரிந்தால் குறைந்த விலையிலேயே உருப்படியாக ஒன்று வாங்கிவிடலாம், அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

[திரையில்: லேப்டாப் அடாப்டரின் அடிப்பக்கம்]

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் லேப்டாப்பின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் என்று ஒரு வரி இருக்கும். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், 65 வாட், அதாவது அடாப்டர் கொடுக்கக்கூடிய மின்சக்தி. 20 வோல்ட், 2.25 ஆம்பியர் என்றால் 45 வாட். ஆபீஸ் வேலைக்கும் படிப்புக்கும் வாங்குகிற லேப்டாப்பில் முக்கால்வாசி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். எம்1 மேக்புக் ஏர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், அதற்கு வருகிற அடாப்டரே 30 வாட்தான். கேமிங் லேப்டாப், 180 வாட், 230 வாட் என்று செங்கல் மாதிரி அடாப்டர் இருக்கிறது என்றால், மன்னிக்கவும், பவர் பேங்கை வைத்துக்கொண்டு அதில் கேம் ஆட முடியாது. டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுகிற மாடலாக இருந்தால் சும்மா பிரவுசர் திறந்து வேலை பார்க்கும் அளவுக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, அடாப்டரின் முனை எப்படி இருக்கிறது? டைப்-சி என்றால் பிரச்சினை இல்லை. உருண்டை பின் என்றால், லேப்டாப்பின் பக்கவாட்டில் டைப்-சி ஓட்டை ஒன்று இருக்கிறதா, அதன் பக்கத்தில் குட்டியாக பேட்டரி படமோ, பிளக் படமோ, ஆங்கிலத்தில் ‘பிடி’ (PD) என்ற எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். படம் இல்லை என்றாலும் சில சமயம் சார்ஜ் ஏறும், டைப்-சி இருந்தும் டேட்டா மட்டும் போகிற ஓட்டைகளும் உண்டு. நண்பர் யாரிடமாவது டைப்-சி லேப்டாப் சார்ஜர் இருந்தால் ஐந்து நிமிடம் வாங்கிச் செருகிப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். ஃபோன் சார்ஜரை வைத்துச் சோதிக்காதீர்கள், அது ஏறவில்லை என்பதால் லேப்டாப்பால் முடியாது என்று அர்த்தமில்லை.

உருண்டை பின் மட்டும்தான் என்றால், டைப்-சியில் இருந்து 20 வோல்ட் கேட்டு வாங்கி உருண்டை பின்னில் கொடுக்கிற கேபிள்கள் ஆன்லைனில் நிறைய விற்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. டெல் லேப்டாப்புகளில் அடாப்டர் தங்களுடையதுதானா என்று பார்க்கிற ஒரு ஏற்பாடு பின்னுக்குள்ளேயே இருக்கிறது, அடையாளம் தெரியவில்லை என்றால் லேப்டாப் ஓடும், ஆனால் மெதுவாக ஓடும், பேட்டரி ஏறாது.

[திரையில்: பவர் பேங்கின் பின்பக்கம். அவுட்புட் வரி வட்டமிட்டு]

சரி, இப்போது பொடி எழுத்துக்கு வருவோம். நீங்கள் தேட வேண்டியது 20 வோல்ட் என்ற எண்.

லேப்டாப் பேட்டரிக்குள் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு செல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள், அதனால் அதன் வோல்டேஜே 11-இல் இருந்து 15 வரை வரும். ஃபோனில் பெரும்பாலும் ஒரே செல் அளவு, 4 வோல்ட்டுக்குப் பக்கம். அதனால்தான் ஃபோன் 5, 9 வோல்ட்டில் திருப்தியாகிவிடுகிறது, லேப்டாப் 20 கேட்கிறது. டைப்-சி பவர் டெலிவரி, சுருக்கமாக பிடி, என்பது ஒரு பேச்சுவார்த்தை. கேபிளைச் செருகியதும் பவர் பேங்க் ‘என்னிடம் 5, 9, 15, 20 இருக்கிறது’ என்று சொல்லும், லேப்டாப் ‘20 கொடு’ என்று கேட்கும். பவர் பேங்கின் பட்டியலே 12-உடன் முடிந்துவிட்டால் பல லேப்டாப்புகள் திரும்பியே பார்க்காது.

இங்கேதான் நம் ஊர் சந்தையில் மாட்டிக்கொள்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிற 20000 எம்ஏஎச் பவர் பேங்குகளில் நிறைய ‘22.5 வாட் ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்த 22.5 என்பது 10 வோல்ட், 2.25 ஆம்பியர், சில ஃபோன்களுக்கான வேகம். அதன் டைப்-சி பக்கத்தைப் பார்த்தால் பிடி 20 வாட், 12 வோல்ட், 1.67 ஆம்பியர் என்று முடிந்திருக்கும். டைப்-சி இருக்கிறது, பிடி என்றும் எழுதியிருக்கிறது, ஃபாஸ்ட் சார்ஜிங் என்றும் எழுதியிருக்கிறது, எதுவும் பொய் இல்லை, ஆனாலும் உங்கள் லேப்டாப்புக்கு அது உதவாது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் தலைப்பைப் படிக்காமல் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் படத்தையே போடாத விற்பனையாளரிடம் நான் வாங்க மாட்டேன்.

20 வோல்ட் இருக்கிறது, சரி, எத்தனை வாட் வேண்டும்? அடாப்டர் 65 வாட் என்றால் பவர் பேங்கும் 65 இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. பிரவுசர், எக்செல், ஒரு வீடியோ கால் என்று ஓடும்போது சாதாரண லேப்டாப் 10-இல் இருந்து 20 வாட்டுக்குள்தான் இழுக்கும். 45 வாட் கொடுத்தாலும் வேலையும் நடக்கும், மிச்சத்தில் பேட்டரியும் ஏறும், கொஞ்சம் மெதுவாக. சில மாடல்கள் மட்டும் 60-க்குக் கீழே இருந்தால் முகம் சுளிக்கும். அதனால் என் கணக்கு, 45 வாட் உருப்படி நல்ல விலையில் வந்தால் எடுக்கலாம், 65 வாட் இருந்தால் நிம்மதி, 100, 140 வாட் எல்லாம் பெரிய மேக்புக் ப்ரோ மாதிரி இருப்பவர்களுக்கு. 65 வாட்டில் 20000 எம்ஏஎச் இப்போது ஏறக்குறைய 3,000-இல் இருந்து 5,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது, தள்ளுபடி நாட்களில் இன்னும் இறங்கும்.

இன்னொரு விஷயம், 65 வாட் என்பது ஒரு ஓட்டையில் தனியாகச் செருகும்போது மட்டும். பக்கத்து ஓட்டையில் ஃபோனையும் செருகினால் 45, 18 என்று பிரித்துக்கொள்ளும், சிலது மொத்தமாகவே 15 வாட்டுக்கு இறங்கிவிடும். அதையும் பின்பக்கத்தில் ‘மொத்தம்’ என்ற வரியில் போட்டிருப்பார்கள்.

[திரையில்: 20000 எம்ஏஎச் × 3.7 வோல்ட் = 74 வாட் அவர்]

இனி எவ்வளவு நேரம் வரும் என்ற கேள்வி. எம்ஏஎச் என்ற எண்ணை மட்டும் சொல்வது, எத்தனை பாத்திரம் தண்ணீர் என்று சொல்லிவிட்டு பாத்திரம் டம்ளரா குடமா என்று சொல்லாமல் விடுகிற கதைதான். வோல்டேஜையும் சேர்த்தால்தான் அர்த்தம். உள்ளே இருக்கிற செல் 3.7 வோல்ட், 20000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர் அவர், பெருக்கினால் 74 வாட் அவர், அதாவது 74 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் தாங்குகிற அளவு. லேப்டாப் பேட்டரியின் அளவும் வாட் அவரில்தான் இருக்கும், எம்1 மேக்புக் ஏரில் 49.9, சாதாரண விண்டோஸ் லேப்டாப்பில் 40-க்கும் 60-க்கும் நடுவில்.

ஆனால் 74-உம் கைக்கு வராது. 3.7-ஐ 20 வோல்ட்டாக ஏற்றும்போது கொஞ்சம் சூடாகவே போய்விடும், எண்பது சதவீதம் வந்தால் நல்லது. நம்பவில்லை என்றால் பெட்டியிலேயே பாருங்கள், ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று 12000 எம்ஏஎச், 5 வோல்ட் என்று சின்னதாகப் போட்டிருக்கும். பெருக்கினால் 60 வாட் அவர். அதுதான் உண்மையான கணக்கு. அதாவது 20000 எம்ஏஎச் வாங்கினால் லேப்டாப்பை ஏறக்குறைய ஒரு தடவை நிரப்பலாம், இல்லை 15 வாட் இழுக்கிற வேலையில் நாலு மணி நேரம் ஓட்டலாம். 10000 எம்ஏஎச் என்றால் அதில் பாதி, லேப்டாப்புக்கு அதை வாங்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 மணியில் இருந்து மாலை 5 வரை கரண்டை நிறுத்துகிற நாள் வருமே, அந்த நாளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். லேப்டாப் தன் பேட்டரியில் நாலு மணி நேரம், பவர் பேங்கில் நாலு மணி நேரம், வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவருக்கு அன்றைய பொழுது ஓடிவிடும். வைஃபை ரவுட்டர் செத்திருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், அதற்குத் தனியாக ஒரு மினி யுபிஎஸ் வேண்டும், இல்லை ஃபோன் ஹாட்ஸ்பாட்.

ஒரு சின்ன உத்தி. லேப்டாப் 5 சதவீதத்துக்கு வந்த பிறகு பவர் பேங்கைச் செருகினால் அது முழு 65 வாட்டையும் இழுக்கும், பவர் பேங்க் கொதிக்கும். கரண்ட் போன உடனே, லேப்டாப் முக்கால்வாசிக்கு மேல் இருக்கும்போதே செருகிவிட்டால் வேலைக்குத் தேவையான அளவோடு கொஞ்சம்தான் கூட இழுக்கும், சூடும் குறைவு, வீணாவதும் குறைவு.

[திரையில்: சமையலறைத் தராசு]

போலிகளைக் கண்டுபிடிக்க எடையைப் பாருங்கள். பழைய பாணி உருளை செல் ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும், அதில் 2500-இல் இருந்து 3500 எம்ஏஎச் வரைதான் அடங்கும். 20000-க்கு ஆறு, எட்டு செல்லாவது வேண்டும், டப்பாவோடு சேர்த்து 350 கிராமுக்கு மேல் வந்தாக வேண்டும். 50000 எம்ஏஎச் என்று எழுதி, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருந்தால், வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இந்தியாவில் விற்கிற பவர் பேங்குக்கு பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். ‘ஐஎஸ்’ என்று தொடங்குகிற தர எண்ணும், ‘ஆர்’ என்று தொடங்குகிற எட்டு இலக்கப் பதிவு எண்ணும் பொருளின் மேலேயே இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று வந்துவிடும். ஒரு நிமிட வேலை. பெரிய பிராண்ட் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது, 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் தீப்பிடிக்கும் ஆபத்துக்காக ஏ1263 என்ற 10000 எம்ஏஎச் மாடலை அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்றது. ஆனால் ஒன்று, பிராண்ட் இருந்ததால்தான் திரும்பப் பெற ஒரு ஆள் இருந்தார். பெயரில்லாத டப்பா வெடித்தால் யாரைக் கேட்பது?

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட்டோடு நின்றுவிடும். முழு 65 வேண்டும் என்றால் 5 ஆம்பியர், 100 வாட் என்று எழுதிய கேபிள் தேவை, அதற்குள் தன் தகுதியைச் சொல்கிற ஒரு குட்டி சிப் இருக்கும். ஃபோனோடு வந்த கேபிளைப் போட்டுவிட்டு பவர் பேங்கைத் திட்டாதீர்கள்.

பவர் பேங்குக்குள் சார்ஜ் ஏறுகிற வேகத்தையும் பாருங்கள். இன்புட் 18 வாட் என்றால் 74 வாட் அவரை நிரப்ப ஐந்து மணி நேரம் தாராளமாகப் பிடிக்கும். 45, 65 வாட் இன்புட் என்றால் லேப்டாப் சார்ஜரையே இதற்கும் போட்டு இரண்டு மணி நேரம் சொச்சத்தில் முடித்துவிடலாம்.

வீட்டு பிளக் பாயின்ட் மாதிரியே ஏசி ஓட்டை வைத்த பவர் பேங்க் வேண்டாம் என்பேன். 3.7-ஐ 230 வோல்ட்டாக ஏற்றி, உங்கள் அடாப்டர் அதை மறுபடி 20-ஆக இறக்கி, இரண்டு இடத்திலும் சூடாகப் போகிறது. விலையும் எடையும் கூட. டைப்-சியே இல்லாத, கேபிளும் ஒத்துவராத பழைய லேப்டாப்புக்கு மட்டும் அது கடைசி வழி.

[திரையில்: விமான நிலைய பாதுகாப்புச் சோதனைத் தட்டு]

விமானத்தில் போகிறவர்களுக்கு 100 வாட் அவர்தான் கோடு. அதற்குள் இருந்தால் அனுமதி கேட்கத் தேவையில்லை, 100-இல் இருந்து 160 வரை விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும், அதற்கு மேல் கிடையாது. சந்தையில் 27000 எம்ஏஎச் என்ற விசித்திரமான அளவு ஏன் இருக்கிறது என்றால், 3.7-ஆல் பெருக்கிப் பாருங்கள், 99.9. எப்போதும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. வாட் அவர் எழுத்து அழிந்துபோயிருந்தால் சோதனையில் பிடுங்கிவைத்துவிடலாம், அதனால் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையே தடை செய்துவிட்டார்கள். அந்த வழியில் போகிறவர் பறக்கும்போது வேலை பார்க்கலாம் என்று இதை வாங்க வேண்டாம், விமான நிலையத்தில் காத்திருக்கிற நேரத்துக்குத்தான் உதவும்.

பார்சல் வந்த அன்றே சோதித்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். பவர் பேங்கை முழுசாக ஏற்றி, லேப்டாப்பை 20 சதவீதத்துக்கு இறக்கி, ஷட் டவுன் செய்துவிட்டுச் செருகுங்கள். 50 வாட் அவர் பேட்டரி என்றால் மீதி 80 சதவீதமும் நிரம்புவதற்கு 40 வாட் அவர் போதும், அதற்குப் பிறகும் பவர் பேங்கில் கால்வாசியாவது மிச்சம் இருக்க வேண்டும். பாதி ஏறும்போதே உயிரை விட்டால், அல்லது கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தால், பெட்டியில் போட்டு அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.