காய்ச்சல் போன பிறகு வரும் சிவப்புப் புள்ளிகள்

வணக்கம் நேயர்களே. ஒரு குழந்தைக்குச் சளி, தொண்டைவலி. நாலைந்து நாளில் சரியாகி, அது ஓடியாட ஆரம்பித்துவிடுகிறது. பத்து நாள் கழித்துக் குளிப்பாட்டும்போதுதான் கண்ணில் படுகிறது: இரண்டு கால்களிலும், பின்புறத்திலும் சிவப்புப் புள்ளிகள். கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துப் புள்ளிகளின் மேல் வைத்து அழுத்துங்கள். கொசுக்கடி என்றால் சிவப்பு மங்கும். இது மங்காது. ஏனென்றால் அது குழாய்க்குள் ஓடுகிற ரத்தம் இல்லை, குழாயிலிருந்து தோலுக்குள் கசிந்துவிட்ட ரத்தம். தடவினால் லேசாகத் தடித்தும் இருக்கும். இந்தப் புள்ளிகளோடு காய்ச்சலும் இருந்து குழந்தை துவண்டு கிடந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். அது வேறு, உயிருக்கே ஆபத்தான தொற்றாக இருக்கலாம்.

நான் சொன்ன குழந்தைக்கு வந்திருப்பது பெரும்பாலும் ஐஜிஏ வாஸ்குலைடிஸ். ரத்தக்குழாய்ச் சுவரின் அழற்சி. சளியைத் தந்த கிருமி போய்விட்டது, அதை எதிர்க்கக் கிளம்பிய படை இன்னும் கலையவில்லை.

கிருமியை எதிர்க்க உடல் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களைச் செய்கிறது. அவை கிருமியின் துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு சிறு திரள்களாகச் சேரும். சாதாரணமாக ஈரலும் மண்ணீரலும் இந்தக் குப்பையை அள்ளிவிடும். அள்ள முடியாமல் மிஞ்சியவை நுண்ணிய குழாய்களின் சுவரில் படிகின்றன. வெள்ளணுக்கள் அங்கே கூடி, கிருமியைக் கரைப்பதற்கென்று வைத்திருக்கும் நொதிகளைச் சுவரின் மேலேயே கொட்டிவிடுகின்றன. ஐஜிஏ நோயில் படிவது முக்கியமாக அந்தப் பெயருள்ள ஆன்டிபாடியேதான். நிற்கும்போது ரத்தம் கீழே அழுத்துவதால் புள்ளிகள் கால்களில் அதிகம்.

வைரஸ் போய்விட்டதா, இன்னும் உள்ளே குடியிருக்கிறதா? ரத்தக்குழாய் அழற்சி என்று தெரிந்ததும் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி இது. சிகிச்சையே இதைப் பொறுத்துத்தான் மாறும்.

ஹெபடைடிஸ் பி வைரஸைப் பாருங்கள். அது ஈரலை மட்டும் கெடுப்பதில்லை. சிலருக்கு நடுத்தரத் தமனிகளைத் தாக்கும் பாலிஆர்டெரைட்டிஸ் நோடோசா என்ற நோயைக் கிளப்பிவிடும். எடை குறையும், ரத்த அழுத்தம் ஏறும், சாப்பிட்டதும் வயிறு வலிக்கும். ஒருநாள் காலையில் எழுந்தால் பாதத்தைத் தூக்கவே முடியாது, நரம்புக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டதால். இந்தத் தொடர்பு 1970-இல் வெளிச்சத்துக்கு வந்தது. இங்கே ஸ்டீராய்டு போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை மட்டும் நீண்ட நாள் கொடுத்தால் வைரஸ் தாராளமாகப் பெருகும். அதனால் ஸ்டீராய்டைக் கொஞ்ச நாள் கொடுத்துவிட்டு, வைரஸுக்கான மருந்தைத் தொடர வேண்டும். ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்யாமல் இந்த நோய்க்குச் சிகிச்சை தொடங்குவது எனக்கு ஏற்பில்லை. தடுப்பூசி பரவிய நாடுகளில் வைரஸோடு சேர்ந்து இந்த அழற்சியும் வெகுவாகக் குறைந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது.

ஹெபடைடிஸ் சி-யின் கதை வேறு. அதன் தூண்டுதலால் உடல் செய்யும் சில எதிர்ப்புப் புரதங்கள் குளிரில் திரண்டு படியும். குழாய்ச் சுவரில் படிந்தால் அங்கே அழற்சி வரும். இந்தப் புரதங்களைக் கண்டுபிடிக்க எடுத்த ரத்தத்தை ஆய்வகம் சேரும்வரை 37 டிகிரி சூட்டிலேயே வைக்க வேண்டும். ஆறவிட்டால் புரதம் வழியிலேயே படிந்துவிடும், நோயிருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டு 100-இல் 95 பேருக்கு மேல் வைரஸே ஒழிகிறது. அதன்பின் பெரும்பாலானோருக்கு அழற்சியும் தணிந்துவிடும்.

அப்புறம், நாம் தொடங்கிய குழந்தைக்கு வருவோம். அதன் உடலில் வைரஸ் இல்லை, அதனால் வைரஸ் மருந்தும் தேவையில்லை. பெரும்பாலும் சில வாரங்களில் புள்ளிகள் தானாகவே மறையும். மூட்டு வீங்கலாம், வயிறு வலிக்கலாம். வலி கடுமையானாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே போங்கள். புள்ளி மறைந்ததும் பலர் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் என் கவலை. சிறுநீரகத்தில் அழற்சி வந்தால் வலிக்காது, சிறுநீரின் நிறம்கூட மாறாமல் இருக்கலாம். அதனால் ரத்தமோ புரதமோ கலந்திருக்கிறதா என்று ஆறு மாதம்வரை சிறுநீரைச் சோதித்துக்கொண்டே இருங்கள், ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வணக்கம்.