"கொஞ்சம் ஊதுங்க": இரவுத் தணிக்கையும் வண்டி ஓட்டுபவரின் உரிமையும்

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை இரவு, மணி பதினொன்று. சாலையின் குறுக்கே இரண்டு பாரிகேட், நாலைந்து காவலர்கள். வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறார்கள். ஒருவர் அருகில் வந்து பேச்சுக் கொடுக்கிறார். பிறகு, குடித்துவிட்டு ஓட்டுகிறோமா என்று மூச்சை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவியை நீட்டி, "கொஞ்சம் ஊதுங்க" என்கிறார். ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும் இந்தக் காரியத்துக்குள் மூன்று செயல்கள் இருக்கின்றன. வண்டியை நிறுத்துவது, ஊதச் சொல்வது, ஊதியபின் ஆளைப் பிடித்துவைப்பது. மூன்றுக்கும் சட்டம் தனித்தனியாகக் காரணம் கேட்கிறது. சாலையில் மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. அந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டவே இங்கே நிற்கிறேன்.

இந்தத் தணிக்கையைப் பற்றிப் பேசும்போது உயிரை ஒரு தட்டிலும் உரிமையை இன்னொரு தட்டிலும் வைப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மோசமாக நடத்தப்படும் தணிக்கை உரிமையையும் மிதிக்கிறது, உயிரையும் காப்பாற்றுவதில்லை. ஒழுங்காக நடத்தினால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

முதலில் பலனைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதுமான சாவுகளில் குடிபோதையால் நேர்ந்ததாக அரசுக் கணக்கில் ஏறியது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. இதைக் காட்டி, "இவ்வளவுதானா, இதற்கா இத்தனை கெடுபிடி?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும்" என்று எழுதினால் காரணம் அதிவேகம் என்று பதிவாகிவிடும். ஓட்டியவருடைய ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருந்தது என்று ஒவ்வொரு விபத்திலும் அளப்பதில்லை. அளக்காத ஒன்று கணக்கில் எப்படி வரும்?

தணிக்கையால் பலன் உண்டா என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, டேனியல் கெனிஸ்டன் ஆகியோரும் ராஜஸ்தான் காவல்துறை அதிகாரி நினா சிங்கும் சேர்ந்து அந்த மாநிலத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில காவல் நிலையங்களில் ஒரே இடத்தில், அந்தப் பகுதியிலேயே சிறந்த இடம் என்று கருதப்பட்ட இடத்தில், திரும்பத் திரும்பத் தணிக்கை வைத்தார்கள். வேறு சில நிலையங்களில் மூன்று இடங்களுக்குள் மாற்றி மாற்றி வைத்தார்கள். எங்கே எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல முடிவு செய்தார்கள். இடம் மாறிய தணிக்கையால் இரவு விபத்துகள் 17 விழுக்காடும் இரவுச் சாவுகள் 25 விழுக்காடும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்றதால் குறிப்பிடும்படி எந்தப் பலனும் இல்லை.

காரணம் எளிது. ஒரே பாலத்தடியில் ஒவ்வொரு வாரமும் பாரிகேட் நின்றால் மூன்றாம் வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். குடித்தவர் குடிப்பதை விடமாட்டார், தெருவைத்தான் மாற்றுவார். விளக்கில்லாத, மேடுபள்ளமான சந்துக்குள் போவார். இடம் மாறிக்கொண்டே இருந்தால் எந்தத் தெருவையும் நம்ப முடியாது. அந்த நிச்சயமின்மைதான் வண்டியை வீட்டில் வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க வைக்கிறது. அதே ஆய்வில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. உள்ளூர் நிலையக் காவலர்களைவிட, ஆயுதப்படை வளாகத்திலிருந்து இதற்கென்றே அனுப்பப்பட்ட தனிக் குழுக்கள் வேலையை ஒழுங்காகச் செய்தன.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பர் 17ஆம் தேதி, யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனையைத் தொடங்கியது. அந்த ஆண்டு அங்கே சாலையில் இறந்தவர்கள் 1,253 பேர். அடுத்த ஆண்டு 966. அங்கே சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது: சந்தேகம் தேவையில்லை, எந்த ஓட்டுநரையும் ஊதச் சொல்லலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இந்தப் பலனையெல்லாம் கெடுப்பது ஒரு பழக்கம். தணிக்கையை "இன்று எத்தனை கேஸ்?" என்று அளப்பது. கேஸ் எண்ணிக்கை இலக்காகிவிட்டால் காவலர் எங்கே போய் நிற்பார்? டாஸ்மாக் கடைக்கு நூறு மீட்டர் தள்ளி, இருட்டில், மறைந்து நிற்பார். பிடிபடுபவர்கள் பெரும்பாலும் இருசக்கர வண்டியில் வரும் கூலித் தொழிலாளர்களாக இருப்பார்கள். நட்சத்திர ஓட்டல் பாரிலிருந்து காரில் வருபவர் வேறு சாலையில் போய்விடுவார். தணிக்கை கண்ணில் பட வேண்டும், பட்டவர் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். ஓர் இரவில் ஒரு கேஸும் விழாமல் போவதைத் தோல்வி என்று எழுதக் கூடாது.

இனி சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 செப்டம்பர் முதல், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். இடத்திலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை. நீதிமன்றத்தின் வழியாகத்தான் தீர வேண்டும். சாலையில் ரொக்கம் கேட்பவர் சட்டத்துக்கு வெளியே நின்று கேட்கிறார்.

நிறுத்துவதற்கான அதிகாரத்தில் பெரிய சிக்கல் இல்லை. சீருடையில் இருக்கும் காவலர் உரிமத்தைக் கேட்கலாம், காட்ட வேண்டும் என்கிறது பிரிவு 130. சிக்கல் பிரிவு 203இல் இருக்கிறது. ஊதச் சொல்லும் அதிகாரத்தைத் தருகிற அந்தப் பிரிவு, கூடவே ஒரு நிபந்தனையையும் வைக்கிறது: 185இன்படி குற்றம் செய்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும். வாயில் மது வாடை, குழறும் பேச்சு, சிவந்த கண், வண்டி நெளிந்து வந்த விதம், இப்படி ஏதோ ஒன்று. வரிசையில் வந்த எல்லோருடைய வாயிலும் கருவியை வைப்பதற்கு இந்தச் சொற்கள் இடம் தரவில்லை என்பது என் வாசிப்பு. எல்லோரையும் ஊதவைப்பதுதான் நல்லது என்று அரசு நினைத்தால், நாடாளுமன்றத்தில் 203ஐத் திருத்தட்டும். நியூ சவுத் வேல்ஸ் சட்டம் எழுதித்தானே செய்தது? அதுவரை வழி இதுதான்: நிறுத்துங்கள், உரிமத்தைக் கேளுங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள். சந்தேகம் எழுந்தால் அதன் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு ஊதச் சொல்லுங்கள். அனுபவமுள்ள காவலருக்கு இதற்கு அரை நிமிடம் போதும்.

அமெரிக்காவில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. மிச்சிகன் மாநிலத்தின் சாகினா மாவட்டத்தில் 1986இல் ஒரு தணிக்கை நடந்தது. 75 நிமிடத்தில் 126 வண்டிகள் நிறுத்தப்பட்டன, ஒவ்வொன்றும் சராசரியாக 25 விநாடி. கைதானவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவர் நிற்காமல் போய்ப் பிடிபட்டவர். 1990இல் நீதிபதிகள் ஆறுக்கு மூன்று என்று பிரிந்து, இப்படிச் சிறிது நேரம் நிறுத்துவது அரசமைப்புக்கு முரண் அல்ல என்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு ஏற்றது தொடக்க நிறுத்தத்தை மட்டுமே. அதற்குமேல் ஒருவரைப் பிடித்துவைத்துச் சோதிக்க, அவர்மீது தனிப்பட்ட சந்தேகம் வேண்டும். வழக்கு மிச்சிகனுக்குத் திரும்பியது. அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1993இல், "எங்கள் மாநில அரசமைப்பு இதை அனுமதிக்காது" என்று தடுத்துவிட்டது. டெக்சாஸ், ஆரிகான், வாஷிங்டன் போன்ற மாநிலங்களிலும் இத்தகைய தணிக்கை கிடையாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1987இல் சொன்ன அளவுகோல்களை. எங்கே, எப்போது தணிக்கை என்பதை மேலதிகாரி முடிவு செய்ய வேண்டும், சாலையில் நிற்கும் காவலர் அல்ல. எந்த வண்டியை நிறுத்துவது என்பதற்கு முன்கூட்டியே ஒரு விதி வேண்டும்: எல்லா வண்டியும், அல்லது மூன்றாவது, அல்லது ஐந்தாவது. பாதுகாப்பான இடம், பொருத்தமான நேரம், போலீஸ் தணிக்கைதான் என்று தூரத்திலிருந்தே தெரியும் அடையாளங்கள், குறைந்த காத்திருப்பு. இதில் எண்ணிக்கை விதிதான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் ஆளைப் பார்த்து, வண்டியின் விலையைப் பார்த்து, பெயரைக் கேட்டு நிறுத்துவது தானாக வந்துவிடும்.

அந்த விதியை எப்படி வகுப்பது? ஒரு மணி நேரத்தில் 600 வண்டிகள் வரும் சாலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டிக்கு 25 விநாடி என்றால் ஒரு காவலரால் மணிக்கு 144 வண்டிகளைத்தான் பார்க்க முடியும். எல்லா வண்டியையும் நிறுத்த நான்கு காவலர்களும் போதாது. ஐந்தில் ஒன்று என்றால் 120 வண்டி, ஒருவரே சமாளிப்பார். வரிசை நீண்டால் எல்லோரையும் விட்டுவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்க வேண்டும். நடுவில் ஒருவரை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது.

இடமும் கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். பார்த்து, புரிந்து, பிரேக் மிதிக்க இரண்டு விநாடி, பிறகு வண்டி நிற்கும் தூரம், எல்லாம் சேர்த்து 60 மீட்டர் அளவுக்குப் போய்விடும். குடித்தவருக்கு இன்னும் அதிகம். ஆகவே வளைவிலும் மேம்பாலத்தின் இறக்கத்திலும் பாரிகேட் வைப்பது ஆபத்து. 150 மீட்டருக்கு முன்பே விளக்கும் பலகையும் தெரிய வேண்டும். கூம்புகளைச் சாய்வாக அடுக்கி வண்டிகளை ஒரே தடத்துக்குக் கொண்டுவர வேண்டும். காவலர்கள் ஒளிரும் அங்கி அணிந்திருக்க வேண்டும்.

குறுக்கே பாய்வது, லத்தியை நீட்டுவது, சாவியைப் பிடுங்குவது எதற்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. 2018 மார்ச்சில் திருச்சி–தஞ்சாவூர் சாலையில், வாகனத் தணிக்கையில் நிற்காமல் போன பைக்கை ஆய்வாளர் துரத்திச் சென்று உதைத்ததாகவும், பின்னால் அமர்ந்திருந்த பெண் விழுந்து இறந்ததாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. அந்த ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். அது ஹெல்மெட் தணிக்கை. ஓடுபவரின் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டால் மறுநாள் வீட்டிலேயே பிடித்துவிடலாம். துரத்தி என்ன ஆகப்போகிறது?

கருவியைப் பற்றி மக்களுக்கும் காவலர்களுக்கும் தெரிய வேண்டியது நிறைய. பரவலாகப் பயன்படும் கருவிக்குள் ஓர் எரிபொருள் மின்கலம் இருக்கிறது. மூச்சிலுள்ள ஆல்கஹால் பிளாட்டினத் தகட்டில் பட்டு வேதிமாற்றம் அடையும்போது சிறு மின்னோட்டம் பிறக்கும். அதை அளந்து, ரத்தத்தில் இருப்பது மூச்சில் இருப்பதைப் போல 2,100 மடங்கு என்ற விகிதத்தில் கருவி கணக்குப் போடுகிறது. அது நுரையீரலின் அடியிலிருந்து வரும் மூச்சுக்குப் பொருந்தும் கணக்கு. வாயில் தங்கிய ஆல்கஹாலுக்குப் பொருந்தாது. இப்போதுதான் கொப்பளித்த மவுத்வாஷ், குடித்த இருமல் டானிக், ஏப்பம் எல்லாம் எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும். பதினைந்து நிமிடம் காத்திருந்தால் வாயில் இருப்பது ஆவியாகிவிடும். எனவே முதல் எண் 30ஐத் தாண்டினால், பதினைந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்வதே நேர்மையான முறை. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மூச்சு கேட்க 203 இடம் தருகிறது. ஒவ்வொருவருக்கும் புதுக் குழல். ஊதுமுன் வெறுங்காற்றில் சோதித்துச் சுழியம் காட்ட வேண்டும். அச்சாகும் சீட்டில் தேதி, நேரம், கருவியின் எண் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன காலத்துக்குள் அளவு சரிபார்த்த சான்றிதழும் இருக்க வேண்டும்.

முப்பது மில்லிகிராம் என்பது எவ்வளவு? 65 கிலோ எடையுள்ள ஆண் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, 42.8 விழுக்காட்டுச் சரக்கை முழுவதும் குடித்தால் உடலில் சேர்வது 60 கிராம் ஆல்கஹால். ரத்த அளவு 130க்கு மேல் போகும். 650 மில்லி பீர் ஒரு பாட்டிலே, 5 விழுக்காடு என்றாலும், 50ஐத் தாண்டவைக்கும். ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 15தான் குறைக்கும். இரவு பத்துக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுத் தூங்கியவர், விடியற்காலை நாலரைக்கு லாரியை எடுத்தால் அப்போதும் சட்ட வரம்புக்கு மேலேதான் இருக்கக்கூடும். மோரும் எலுமிச்சைச் சாறும் இந்த வேகத்தைக் கூட்டாது. அப்படியிருக்க, தணிக்கை ஏன் இரவோடு முடிந்துவிட வேண்டும்? விடியலிலும் வைக்க வேண்டும்.

இனி மூன்றாவது செயல், பிடித்துவைப்பது. கருவி காட்டிவிட்டால் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். ஊத மறுப்பவரையும், குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் கைது செய்யலாம். காரணமின்றி மறுத்தது வழக்கில் அவருக்கு எதிராகவே நிற்கும். "எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல என்னைக் கட்டாயப்படுத்த முடியாது" என்ற வாதம் இங்கே செல்லாது என்பது என் கருத்து. உடலிலிருந்து எடுக்கும் அடையாளம் வாக்குமூலம் ஆகாது என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1961இலேயே கைரேகை வழக்கில் வகுத்துவிட்டது. ஆனால் 202ஆம் பிரிவு ஒரு பூட்டு போடுகிறது: கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் விடுவிக்க வேண்டும். பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுத்தால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். நள்ளிரவில் மருத்துவர் இல்லாத ஊரில் தணிக்கை வைப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

வண்டியைப் பறிமுதல் செய்வதுபற்றித் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021இல் தெளிவாகச் சொன்னது. உடன் இருப்பவர் குடிக்காதவராக, உரிமம் உள்ளவராக இருந்தால் வண்டியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் உறவினரையோ நண்பரையோ வரவழைக்கலாம். குடித்தவரை நடுச்சாலையில் இறக்கிவிட்டு வண்டியை மட்டும் எடுத்துப்போவது எந்த விதத்திலும் பாதுகாப்பு ஆகாது. அவர் நடந்தே அடிபடுவார்.

கடைசியாக, இங்கே இருக்கும் யாரும் நாளையே செய்யக்கூடிய ஒன்று. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு ஒன்று போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் ஊரில் கடந்த மூன்று மாதம் எந்தெந்த இடங்களில், எந்த நேரத்தில் தணிக்கை நடந்தது, இடத்தை முடிவு செய்த அதிகாரியின் பதவி என்ன, பயன்படுத்திய கருவிகளின் எண்ணும் அளவு சரிபார்த்த தேதியும் என்ன என்று கேளுங்கள். முக்கியமாக, மொத்தம் எத்தனை வண்டிகள் நிறுத்தப்பட்டன, எத்தனை பேர் ஊதினார்கள் என்று கேளுங்கள். பிடிபட்டவர்களின் எண்ணிக்கை செய்தித்தாளில் வந்துவிடும். நிறுத்தப்பட்டவர்களின் எண்ணிக்கை எழுதப்படுகிறதா என்பது அந்தப் பதிலில்தான் தெரியும்.