மிராக்கிள்: வேரில் ஒரு புன்னகை

அவையோருக்கு வணக்கம்.

சென்ற மாதம் என் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றேன். எட்டு மாதக் குழந்தை. உள்ளே இன்னொரு குழந்தையைக் கண்டதும் அசையாமல் பார்த்தாள். வாய் மெல்லத் திறந்தது. பிறகு இருக்கிற இரண்டு பல்லும் தெரியச் சிரித்து, கையை நீட்டிக் கண்ணாடியைத் தட்டினாள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மிராக்கிள் என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறு அந்த அரை நிமிடத்துக்குள் அடங்கியிருந்தது.

நடக்கவே முடியாதது நடந்தால் அதை மிராக்கிள் என்கிறோம். மருத்துவர்கள் கைவிட்ட நோயாளி எழுந்து உட்கார்ந்தால் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இதற்குத் தாய்ச்சொல்லான லத்தீன் மிராகுலும் என்பதற்குள் 'முடியாதது' என்ற பொருள் கிடையாது. மிராரி என்றால் வியந்து பார்ப்பது. அப்படிப் பார்க்க வைப்பது எதுவோ அது மிராகுலும்.

இந்தக் குடும்பம் பெரியது. வியப்புக்குரியதைக் குறிக்கும் மார்வெல் இதைச் சேர்ந்தது. அட்மயர் இதைச் சேர்ந்தது; இன்று மதித்துப் பாராட்டுவதைக் குறிக்கும் அந்தச் சொல், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மலைத்து நிற்பதையும் குறித்தது. வியந்து பார்ப்பது பிரெஞ்சு வழியாக வெறுமே பார்ப்பதாகி, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மிரர் என்று பெயர் வந்தது.

கானல் நீரைக் குறிக்கும் மிராஜும் இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். 1798இல் நெப்போலியனின் படை எகிப்தின் பாலையில் நடந்தது. தாகத்தில் தவித்த வீரர்களின் எதிரே ஏரி தெரிந்தது. ஊர்கள் தீவுகளாக மிதந்தன. நெருங்க நெருங்க நீர் விலகிப் போனது. உடன் சென்ற கணித அறிஞர் காஸ்பார் மோன்ழ் அதை ஆராய்ந்து எழுதினார். மணலை ஒட்டிய காற்று சூடேறி அடர்த்தி குறைகிறது. வானிலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி அங்கே வளைந்து மேலே திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. ஏரி என்று தெரிவது வானம்தான். நாம் கானல் நீர் என்று நீரை வைத்துப் பெயரிட்டோம். பிரெஞ்சுக்காரர்கள் கண்ணாடியை வைத்துப் பெயரிட்டார்கள்.

இன்னும் ஆழத்தில் இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மிராரிக்கு அடிப்படையான, வியப்பான என்று பொருள்படும் மீருஸ் என்ற லத்தீன் சொல்லை, லத்தீன், ஆங்கிலம், வடமொழி மூன்றுக்கும் மூதாதையான பழைய மொழியில் புன்னகைத்தல் என்று பொருள்படும் ஸ்மெய் என்ற வேருக்கு மொழியறிஞர்கள் கொண்டு செல்கிறார்கள். ஆங்கில ஸ்மைல் அதன் கிளை. வடமொழியின் ஸ்மிதமும் அதன் கிளை. நாம் மந்தஸ்மிதம் என்கிறோமே, அதுதான். முன்னால் ஒரு 'வி' சேர்ந்தால் விஸ்மயம், அதாவது வியப்பு! இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு எப்படி அந்தப் புன்னகை தொலைந்தது? கானா ஊர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சரசமானதைச் சொல்லும் யோவான் சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் இருப்பது செமெயோன். அடையாளம் என்று பொருள். 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிள் அந்த இடத்தில் மிராக்கிள் என்று எழுதியது. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல அடையாளம் என்றே திருத்திக்கொண்டன. ஆனால் அதற்குள் மிராக்கிள் என்றாலே நடந்ததா, நடக்கவில்லையா என்ற வழக்காகிவிட்டது. பார்த்தவரின் முகத்தை யாரும் கேட்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதே 1611இல் ஆங்கில அரசவையில் ஷேக்ஸ்பியரின் தி டெம்பெஸ்ட் நாடகம் நடந்தது. தனித் தீவில் தந்தையோடு வளரும் மகளுக்கு மிராண்டா என்று பெயர். வியந்து பார்க்கத் தக்கவள் என்பது லத்தீன் பொருள். கடைசிக் காட்சியிலோ, புது மனிதர்களைக் கூட்டமாகக் கண்டு வியந்து நிற்பவள் அவளே.

யுரேனஸ் கோளைச் சுற்றும் நிலாக்களில், 1948இல் வானியலாளர் ஜெரார்டு கைப்பர் கண்டுபிடித்த ஒன்றுக்கு மிராண்டா என்ற அந்தப் பெயர் சூட்டப்பட்டது. குறுக்களவு ஏறத்தாழ 470 கிலோமீட்டர்தான். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் அதன் அருகே பறந்தது. வந்து சேர்ந்த படங்களில் உழுத வயல்போல் வரிவரியான நிலமும், பிளந்து கிடக்கும் பள்ளத்தாக்குகளும், 20 கிலோமீட்டர் உயரம் வரை மதிக்கப்படும் செங்குத்துப் பாறையும் இருந்தன.

அந்தப் படத்தின் அச்சுப் பிரதியைக் கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசை வரை கைமாற்றிக் கொடுங்கள். பார்த்து முடித்ததும், அதை வாங்கிப் பார்க்கிற பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.