ஊருக்குப் பொதுவான அண்டா

நேயர்களுக்கு வணக்கம். டர்பனில் நம் கோயில்களில் பெரிய சமையல் அண்டாக்களைப் பார்த்திருப்பீர்கள். அதை யாரும் வீட்டுக்கென்று வாங்கி வைப்பதில்லை. கல்யாணமோ காவடியோ, கேட்டு வாங்கிப் புழங்கிவிட்டு, கழுவித் திருப்பி வைக்கிறோம். மூளை ஆராய்ச்சிக் கருவிகளும் அப்படிப் பொதுவில் இருக்க வேண்டும், அதுவும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன்.

ஏன் ஒரே இடத்தில்? நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்கள். எல்லாவற்றிலும் அநேகமாக அதே மரபணுக்கள்தான். எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். நுண்ணோக்கியில் செல் எங்கே இருக்கிறது, என்ன வடிவம் என்று தெரியும். திசுவை அரைத்து, வேலை செய்யும் மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வைப் பிரித்தால் எந்த மரபணு வேலை செய்கிறது என்று தெரியும். ஆனால் அரைத்த மசாலாவில் மிளகு எங்கே, மல்லி எங்கே? இரண்டும் சேர்ந்தால்தான் விஷயம் பிடிபடும்.

இதில் நம் தென்னாப்பிரிக்காவுக்குப் பங்கு உண்டு. ஆரன் குளுக் இரண்டு வயதில் டர்பனுக்கு வந்து, இங்கேயே வளர்ந்தவர். எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து மூலக்கூறுகளின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டார். 1982-இல் நோபல் பரிசு. சிட்னி பிரென்னர் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து ஜெர்மிஸ்டன்காரர், செருப்புத் தைப்பவரின் மகன். மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வை 1961-இல் அடையாளம் கண்டவர்களில் ஒருவர். அப்புறம் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவை எடுத்துக்கொண்டார். அதற்கு மொத்தமே 302 நரம்புச் செல்கள். அதை மெல்லிய சீவல்களாக அறுத்து, நுண்ணோக்கியில் படம் பிடித்து, எந்தச் செல் எதோடு சேர்கிறது என்று அவர் குழு வருடக்கணக்கில் தடம் பிடித்தது. வரைபடம் வெளிவந்தது 1986-இல்!

இருவரும் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். பிறகு கேம்பிரிட்ஜில் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தார்கள். அங்கே கருவிகள் எல்லாருக்கும் பொது. உணவகத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் டீ குடிப்பார்கள். ஒரே கூரை என்று நான் சொல்வது இதைத்தான்.

எங்களுக்கு அது வாய்க்கவில்லை. நுண்ணோக்கி ஊரின் ஒரு முனையில், மரபணுக் கருவி மறு முனையில். ஆர்.என்.ஏ. அவ்வளவு லேசில் நிலைக்காது. விரல் பட்டாலே தோலில் இருக்கும் நொதி அதைச் சிதைத்துவிடும். ஒரு நாள் ஐஸ் பெட்டியில் திசுவை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். லோட்ஷெட்டிங் என்ற மின்வெட்டு, சந்திக்குச் சந்தி போக்குவரத்து விளக்கு அணைந்து கிடந்தது. போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தால், ஐஸ் உருகித் தண்ணீரில் குழாய்கள் மிதந்தன. மூன்று மாத வேலை போயிற்று.

சரி, நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இந்தக் கருவிகளை இயக்கிப் பராமரிப்பவர்களைப் பற்றிப் பேச வந்தேன், இன்று முடியவில்லை. அது தனிப் படிப்பு, தனி வேலை; ஆள் பற்றாமல் இருக்கிறோம். இயற்பியலும் உயிரியலும் இரண்டுமே பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் நுண்ணோக்கிப் பிரிவை ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். வணக்கம்.