தோடு, தலைமுடி, சைக்கிள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வேலை முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

பிள்ளைகளின் நகை, தலைமுடி பற்றிய பள்ளி விதிகளைப் பேச வந்திருக்கிறேன். நகையைப் பற்றி நான் நீட்டி முழக்கப் போவதில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் சம்பளத்தின் மிச்சம் தங்கமாகத்தான் தங்கியது. பள்ளி திறக்கும் நேரத்தில் அதே தங்கம் அடகுக்கடைக்குப் போய், சீருடையாகவும் சப்பாத்தாகவும் வீடு வந்து சேரும். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை ஏழு வயதுப் பிள்ளை கழுத்தில் மாட்டிப் பந்து விளையாட அனுப்புவானேன்? காதோடு ஒட்டிய தோடு போதும். சங்கிலி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இருக்கட்டும்.

சிக்கல் தலைமுடியில்தான். ஆண் பிள்ளை முடி காதைத் தொடக் கூடாது, சட்டைக் காலரைத் தொடக் கூடாது, சாயம் கூடாது. பெண் பிள்ளை முடியைக் கட்டிவர வேண்டும். இதில் எனக்குச் சண்டை இல்லை. ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார் விடியுமுன் தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டுதான் மர நிரைக்குள் நுழைந்தார்கள். கொசுவும் ரப்பர் பாலும் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது. ஏன் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காரணம் சொல்லாத ஒழுங்கையும் இதே தோட்டங்கள் பார்த்திருக்கின்றன. அன்று வெள்ளைக்காரத் துரையோ, தோட்டத்து எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வு, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குப் படிப்பு என்ற கோரிக்கைகளோடு இதுவும் ஒன்றாக இருந்தது: சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். வயிற்றுப் பாட்டுக்குப் போராடியவர்கள் இதை ஏன் சேர்த்தார்கள்? அது பட்டியலில் இல்லையென்றால் மற்றவற்றுக்கும் மதிப்பில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் சபைகூடலில் எல்லார் முன்னிலும் ஒரு பையனை நிறுத்திக் கத்தரிக்கோலை எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முடி பத்து நாளில் வளர்ந்துவிடும் என்பார்கள். அவன் அந்தப் பள்ளியைப் பார்க்கும் பார்வை வளராது. பிரம்படிக்கே நம் நாட்டில் வரம்பு உண்டு. 1959ஆம் ஆண்டுக் கட்டொழுங்கு விதிமுறைகள் பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க இடம் தரவில்லை. கத்தரிக்கோலுக்கு மட்டும் வரம்பு வேண்டாமா?

தைப்பூசம் நெருங்கும்போது இன்னொன்று நடக்கும். நேர்த்திக்கடனுக்கு ஒரு பையன் முடி வளர்த்திருப்பான். கட்டொழுங்கு ஆசிரியருக்கு அது தெரியாது. பையனுக்கோ சொல்லக் கூச்சம். இங்கே குற்றம் பள்ளியின்மேல் இல்லை, நம்மேல்தான். முன்னதாகவே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது. கையில் கோயில் கயிறு கட்டிய பிள்ளைக்கும் இதுவே. அப்பா கடிதம் எழுத நேரமில்லை என்கிறார். அதே அப்பா மகன் திட்டு வாங்கிய மறுநாள் அரைநாள் லீவு போட்டு அலுவலகத்தில் வந்து நிற்கிறார்!

காதோரம் கோடு போட்ட முடிவெட்டுக்குக் கடிதம் கேட்டு யாரும் என்னிடம் வராதீர்கள். அது முருகனுக்கு நேர்ந்தது அல்ல, பந்து விளையாட்டு வீரருக்கு நேர்ந்தது.

தலைமையாசிரியரிடம் என் வேண்டுகோள் மூன்று. விதிகளைக் காரணத்தோடு தமிழிலும் அச்சிட்டு, பள்ளி திறப்பதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்புங்கள். மீறிய பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுங்கள். முடிவெட்டக் காசில்லாத வீடு என்று தெரிந்தால் பெற்றோர் சங்கத்திடம் சொல்லுங்கள். வட்டாரத்து முடிதிருத்தும் கடைக்காரர்களிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம். அவர்களில் ஒருவர் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் அவரைக் கேட்கவில்லை.