அந்தத் தாளை யார் வாசித்துக் காட்டினது?

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

இலங்கையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போய், அல்லற்பட்டுத் திரும்பிய பெண்களோடு பல வருசமாகப் பேசி வருகிறேன். நான் முதலில் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "நீங்கள் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தை யார் வாசித்துக் காட்டினது, பிள்ளை?" என்றுதான் கேட்பேன். அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "ஒருத்தரும் இல்லை அக்கா. ஏஜென்சிக்காரர் காட்டின இடத்தில வைச்சன்."

மூதூர் ரிசானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2005 மே மாதம், சுனாமி அடித்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. குடும்பக் கஷ்டத்துக்காகச் சவூதிக்குப் போனாள். அவள் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டில் இருந்ததோ 1982. பதினேழு வயதுப் பிள்ளை இருபத்து மூன்று வயதுக்காரியாக விமானம் ஏறினாள். வீட்டு வேலைக்கென்று போனவளின் கையில் நான்கு மாதக் குழந்தையைக் கொடுத்தார்கள். போன சில வாரங்களிலேயே அந்தக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியதென்று அவள் சொன்னாள். பொலிசில் அவள் சொன்னதை அரபுக்கு மாற்றியவர் முறையான மொழிபெயர்ப்பாளர் அல்ல. 2007இல் மரண தண்டனை விதித்தார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அதை நிறைவேற்றினார்கள். ஒரு பிறந்த ஆண்டைச் சரிபார்க்க இங்கே ஆளில்லை. ஒரு தமிழ்ச் சொல்லை ஒழுங்காக மாற்றிச் சொல்ல அங்கே ஆளில்லை. எத்தனை வருசம் போனாலும் இது என் மனதை விட்டுப் போகாது.

அதே 2013இல் நமது அரசாங்கம், வெளிநாட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் குடும்ப நிலையைப் பார்க்கும் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்றார்கள். 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளைகளின் நன்மைக்கென்று சொன்னார்கள், அந்த அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தகப்பன் வெளிநாடு போக இப்படி ஒரு அறிக்கை கேட்டதில்லையே! அடுப்பெரியாத வீட்டில் தடை போட்டால் பசி நிற்காது. வழிதான் மாறும். சுற்றுலா விசாவில் அனுப்பத் தரகர்கள் கையில் முற்பணத்தோடு ஊருக்குள் வந்தார்கள். 2022 கடைசியில் ஓமானில் அகப்பட்ட நம் பெண்களின் கதையை எல்லோரும் கேட்டோம். அவர்களில் பலர் சுற்றுலா விசாவில் கொண்டுபோகப்பட்டவர்கள்.

அப்படிப் போகிறவளுக்கு இல்லாமல் போவது என்ன? நாங்கள் 'பீரோ' என்று சொல்கிற வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது. அதில் பதிந்து போனால் காப்புறுதி உண்டு. ஒப்பந்தத்தின் பிரதியொன்று அரசாங்கத்தின் கையில் இருக்கும். சம்பளம் வராவிட்டால் எந்த முகவரைப் பிடிப்பது என்று தெரியும். பதியாமல் போனவளின் தாய் முறைப்பாடு செய்ய வந்தால், தரகருடைய பழைய போன் நம்பரைத் தவிர அவளிடம் வேறொன்றும் இருக்காது.

ஆகவே நான் கேட்பது புதிய தடைகளை அல்ல. ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். கையெழுத்துக்கு முன் அவர் அதை வரி வரியாக வாசித்துக் காட்டட்டும். றியாத்திலும் குவைத்திலும் நமது தூதரகத்துக்கு ஒருத்தி ஓடிவந்து தமிழில் அழுதால், தமிழில் கேட்க ஒருவர் அங்கே இருக்கட்டும். 1996இலேயே புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்ற நாடு நாங்கள். இது பெரிய கோரிக்கையா?

போக இருக்கிற தங்கச்சிமாரே, கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றையும் போட்டோக் கொப்பி எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருப்பவர்கள் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தை எழுதிவையுங்கள்.

சென்ற மாதம் ஒரு பிள்ளைக்கு அவளுடைய ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினேன். முன்பு நான்கு வருசம் வெளிநாட்டில் வேலை செய்து வந்தவள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற வரி வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அக்கா, அதைத் திரும்ப வாசியுங்கோ. போன முறையும் இது இருந்திருக்குமா?"

நன்றி, வணக்கம்.